நேரலையில் பாய்ந்த சிங்கம்

அத்தியாயம் ஒன்பது

'உலகத்துத் தலைநகரங்களை எல்லாம் மனிதர்கள் ஆள்கிறார்கள். நைரோபியை மட்டும் சிங்கங்கள் ஆள்கின்றன.'

விமான நிலையத்திலிருந்து நகர மையம் வரை கம்பத்துக்குக் கம்பம் இந்த வாசகம்தான். கீழே கையொப்பம்: மேன்மைதங்கிய டாக்டர் முசெம்பி, தலைவர், தலைநகர வனவிலங்கு விருந்தோம்பல் மன்றம். ஆளும் சிங்கங்களில் ஒன்றை இன்று மாலை சுட்டுக் கொல்ல உத்தரவு வாங்கியவரும் அவரேதான்.

தேசியப் பூங்காவின் வாசலில், வேலிக்கு வெளியே இருந்த டீக்கடை பெஞ்சில் கெரூபோ உட்கார்ந்திருந்தாள். முன்னாள் போலீஸ் இன்ஸ்பெக்டர். இப்போது நகர மையத்தில் ஒரு சடை பின்னும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். எதிரே நின்றபடி அவளுடைய உதவியாளன் ஓடூர் மண்டாஸி என்கிற பொரித்த ரொட்டியைச் சாயாவில் முக்கிக்கொண்டிருந்தான். மட்டாட்டு என்கிற தனியார் மினிபஸ்ஸில் கண்டக்டராகத் தொங்கிக்கொண்டிருந்தவன். வாய் அங்கேயே பழகியது.

பெஞ்சின் மறுமுனையில் நசேரியன். அவள் கணவன் லெகிஷோன், டாக்டர் முசெம்பியின் டிரைவர். காலையிலிருந்து போலீஸ் லாக்கப்பில் இருக்கிறான்.

"நடந்ததை மறுபடி சொல்லும்மா" என்றாள் கெரூபோ.

"தலைவர் காலைல ரேடியோவுல நேரலையா பேசினார்க்கா. பூங்காவுக்குள்ள சிங்கங்களுக்கு நடுவுல நின்னு பேசறேன்னார். பேச்சு பாதியில சிங்கம் பாஞ்சுடுச்சு. ஊரே கேட்டுச்சு. அப்புறம் தலைவர் வெளியே வந்து, சிங்கத்தைப் பாத்ததும் என் டிரைவர் என்னைச் சாக விட்டுட்டு ஓடிட்டான்னு போலீஸ்லயும் ரேடியோவுலயும் சொல்லிட்டார்."

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"அவர் உள்ளேயே போகலைக்கா. நேத்து சாயங்காலமே தலைவர் வண்டியைத் தானே ஓட்டிட்டுப் போயிட்டார். நீ காலைல பூங்கா வாசல்ல நில்லுன்னு சொன்னாராம். இவர் இதே கடையிலதான் டீ குடிச்சிட்டு நின்னார். கடைக்காரரே சாட்சி."

"அப்புறம் என்ன?"

"ஓடிவந்து டீ குடிச்சான்னு எழுதிட்டாங்கக்கா."

ஓடூர் மண்டாஸியை மென்றபடி, "நம்ம போலீஸ் சாட்சியை வீணாக்கவே மாட்டாங்க மேடம்" என்றான்.

நசேரியன் சிரிக்கவில்லை. "அவர் மாசாய் ஆளுக்கா. சிங்கத்துக்கு முன்னாடி ஈட்டியோட நின்ன வம்சம். கூட வந்த ஆளைச் சிங்கத்துக்கிட்ட விட்டுட்டு ஓடினான்னு ஒரு மாசாயைச் சொல்றதுக்கு, அவன் கொலை பண்ணான்னு சொல்லலாம். மாமனாருக்குப் போன் போட்டேன். எடுத்தார். என் பேரைக் கேட்டதும் வெச்சுட்டார்."

கெரூபோ டீ தம்ளரைக் கீழே வைத்தாள்.

வார்டன் அலுவலகத்துக்கு முன்னால் அந்த ஜீப்பை நிறுத்திச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். புத்தம்புது வெள்ளை ஜீப். நாளை தொடங்கும் சர்வதேசச் சுற்றுலா மாநாட்டுக்காக ஒரு நிறுவனம் மன்றத்துக்கு இரவல் கொடுத்தது. இடப்பக்கம் முழுக்க, முன்கதவிலிருந்து பின்விளக்கு வரை, நான்கு நீளக் கீறல்கள். பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடி அடியோடு காணோம். பத்திரிகைக்காரர்கள் கீறல்களோடு சேர்த்துத் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் டாக்டர் முசெம்பி. சிறுத்தைப் புள்ளி போட்ட தொப்பி, சிறுத்தைப் புள்ளி போட்ட கழுத்துப் பட்டை. புள்ளிகள் இரண்டும் துணிக்கடையில் வெவ்வேறு நாளில் வாங்கியவை. அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. இப்போது மாடியையும் செருப்புக் கடையே எடுத்துக்கொண்டுவிட்டது.

"அந்தப் பெண் சிங்கத்தின் மூச்சு என் கன்னத்தில் பட்டது! கண்ணாடியை ஒரே கடியில் பிடுங்கிக்கொண்டு புல்வெளியில் மறைந்தது. நான் அதன் கண்களை உற்றுப் பார்த்தேன். அதுதான் முதலில் பார்வையைத் திருப்பியது."

"தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிட்டு இருந்தாரா மேடம், கன்னத்துல மூச்சு படறதுக்கு?" என்று ஓடூர் முணுமுணுத்தான்.

வார்டன் தலாம் அவர்களை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். ரெண்டு நாள் தூக்கத்தைத் தொலைத்தவர் மாதிரி ஒரு முகம்.

"அவர் சொல்ற இடத்துல ஒரே ஒரு சிங்கம்தான் குடியிருக்கு. நூஸு. ஒரு காது பாதிதான் இருக்கும். மூணு குட்டி, இன்னும் பால் குடிக்குது. தாயைச் சுட்டா குட்டிங்க கழுதைப்புலிக்குத்தான்."

"உத்தரவை நிறுத்த முடியாதா?"

"மாநாட்டுக்கு முன்னாடி ஆபத்தை அகற்றணும்னு மேலிடம் சொல்லிடுச்சு. புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினாத்தான் நிக்கும். பூங்காவை மூடினதும் சுடணும். சுடற ஆளுங்க வந்துட்டாங்க."

"காலைல இந்த வண்டி உள்ளே போனதை வாசல்ல யாரும் பதியலையா?"

"பெரிய மனுஷங்க வண்டியை நிறுத்திப் பதியற தைரியம் யாருக்கு இருக்கு? சல்யூட் அடிச்சு விட்டுருவாங்க. போனாரா, எப்பப் போனார்னு கேட்டா, சல்யூட் அடிச்சேன், அது மட்டும் ஞாபகம் இருக்குங்கறான்."

கெரூபோ மறுபடி டீக்கடைக்கு வந்தாள். சுற்றுலா வேன் டிரைவர்கள் மதிய ஓட்டத்துக்கு முன்னால் அங்கே கூடியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கிலோன்ஸோ. வேனின் வயர்லெஸ் பெட்டியை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலைல சிங்கம் பாஞ்சுதாமே. நீங்க யாராவது பார்த்தீங்களா?"

"நாங்க காண்டாமிருகத்துக்கிட்ட இருந்தோம்மா. பதினாலு வேன். அதைத் தவிர வேற ஒண்ணும் சிக்கலை."

"அந்தச் சிங்கம் இருக்கிற பக்கம்?"

"அங்கேருந்து பாத்தாலே தெரியும்மா. காலியாத்தான் கிடந்துச்சு."

கெரூபோ ஓடூரைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"சிங்கம் கண்ணுல பட்டா வயர்லெஸ்ல சொல்லியே ஆகணும் இல்லையாண்ணே?"

"சொல்லாதவனுக்கு நாளைக்கு எவனும் சொல்ல மாட்டான். அவன் பொழப்பு போச்சு."

"தலைவர் வண்டியில வயர்லெஸ் கிடையாதே?"

கிலோன்ஸோ அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "வயர்லெஸ் எதுக்கும்மா? புல்வெளியில ஒரு வண்டி சும்மா நின்னாலே போதும். எதையோ பாத்துட்டான்னு மத்த வண்டி பறந்து வந்து நிக்கும். போன மாசம் ஒருத்தன் டயர் மாத்த நின்னான். அவனைச் சுத்தி ஒன்பது வேன். வெள்ளைக்காரங்க ஜாக்கியைப் படம் எடுத்தாங்க."

"ஆக, வெள்ளை ஜீப்பு நின்னு பேசிட்டு இருந்துச்சு, சிங்கம் வந்துச்சு, சண்டை போட்டுச்சு. ஒரு வேன்கூட எட்டிப் பார்க்கலை" என்றான் ஓடூர். "நைரோபியில நெரிசல் இல்லாம ஒரு சிங்கமா? நம்பற மாதிரி இல்லையே மேடம்."

பின்னாலேயே டீக்கடைக்கு வந்திருந்த தலாம் இதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "எனக்குப் புரியுது. மேலிடத்துல போய், சார், டிராஃபிக் ஜாம் ஆகலை, அதனால சிங்கம் வரலைன்னு சொன்னா என்னை எங்கே மாத்துவாங்க தெரியுமா? சோமாலிய எல்லைக்கு."

அப்போதுதான் கெரூபோ, ரேடியோ பேச்சைக் கேட்க வேண்டும் என்றாள். தேட வேண்டியதே இல்லை. டீக்கடையில் எல்லாருடைய போனிலும் இருந்தது. ஓடூர் காதை ஒட்டிவைத்துக்கொண்டான்.

முதலில் டாக்டரின் குரல்: 'அன்பார்ந்த நாட்டு மக்களே, சிங்கங்களின் நடுவே நிற்கிறேன். இந்தப் புனிதமான அமைதியைக் கேளுங்கள்...'

அப்புறம் நீளமாக ஒரு கரகரப்பு. ஏதோ உடைகிற சத்தம். 'ஐயோ அம்மா!' டக், டக். ஓர் உறுமல். ஒரு கணம் மௌனம். அதன்பிறகு, 'சிங்கம்! மக்களே, சிங்கம் பாய்ந்துவிட்டது! என் கதவை அறைகிறது!'

"இன்னொரு தடவை போடு" என்றான் ஓடூர். போட்டார்கள். டக், டக். உறுமல்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அது அபூர்வம்.

"மேடம், சிங்கம் ஏன் சரியா ரெண்டு தட்டு தட்டணும்?"

"சொல்லு."

"கண்டக்டர் வண்டியோட பக்கத் தகட்டைத் தட்டுவான். ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டு தட்டுன்னா கிளம்பு. எவனையாவது இடிச்சுட்டா, இறங்கிப் பேச நேரம் ஏது? ரெண்டு தட்டு. டிரைவர் மிதிச்சுருவான். அந்த உறுமல் எஞ்சின் மேடம். இது சிங்கம் இல்லை, பூங்கா வேலியை ஒட்டிப் போற ரோங்காய் புறநகர் ரூட்டு மட்டாட்டு."

"ரோங்காய்னு எப்படிச் சொல்றே?"

"நாலு கீறல், எல்லாம் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. நிஜ நகம் இப்படி ஸ்கேல் வெச்சுக் கிழிக்காது. ரெண்டு பக்கமும் இரும்பு நகம் வெல்டிங் வெச்ச மட்டாட்டு ஊர்ல ஒண்ணே ஒண்ணு. பேரு 'கர்ஜனை'. அதுக்கு விசிறிங்களே இருக்காங்க."

கெரூபோ எழுந்துவிட்டாள். போகிற அவசரத்திலும் கிலோன்ஸோவிடம் குனிந்து, "அண்ணே, நூஸு எங்கே படுத்திருந்தாலும் தேடிக் கண்டுபிடிச்சு வயர்லெஸ்ல சொல்லிருங்க. எல்லா வேனும் அவளைச் சுத்தி நிக்கட்டும். வெள்ளைக்காரங்க முன்னாடி சுட மாட்டாங்க" என்றாள்.

"வாசல் மூடறப்ப நாங்க வெளியே போயாகணும்மா."

"தெரியும்ணே. அதுவரைக்கும்."

ரோங்காய் நிறுத்தத்தில் 'கர்ஜனை' ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மேலே ஊதா விளக்கு, உள்ளே நெஞ்சை இடிக்கும் பாட்டு, முகப்பில் வாயைப் பிளந்த சிங்க ஓவியம். வலப்பக்கத்து இரும்பு நகங்களில் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கமாண்டே படியில் நின்று கூவிக்கொண்டிருந்தான்.

"மச்சான், காலைல ஒரு வெள்ளை ஜீப்பைத் தடவிட்டீங்களா?" என்றான் ஓடூர்.

"எந்த ஜீப்பு? நாங்க காலைல ஓடவே இல்லை. வண்டி மெக்கானிக்கிட்ட இருந்துச்சு."

"மெக்கானிக்கு வெள்ளைப் பெயிண்ட்டை நகத்துல மட்டும் அடிச்சானா?"

"நீங்க இன்சூரன்ஸா?"

"இன்சூரன்ஸ்காரன் இடிச்ச அன்னிக்கே வந்து பாத்திருக்கியா நீ?"

கமாண்டே யோசித்தான். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் திரும்பி மறுபடி ஆள் கூவ ஆரம்பித்தான். கெரூபோ இதற்குள் டிரைவரின் பக்கமாகப் போயிருந்தாள். 'கர்ஜனை'யின் பழைய வலப்பக்கக் கண்ணாடி போன வாரமே உடைந்திருக்க வேண்டும்; அந்த இடத்தில் புதிதாக, கொஞ்சம் பெரிதாக, வேறொரு வண்டியின் கண்ணாடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இடப்பக்கத்துக் கண்ணாடி, தலைகீழாக.

நைரோபியில் வண்டியை விட்டு நகர்ந்தால் கண்ணாடி நம்முடையது இல்லை. அதனாலேயே வாங்கின மறுநாள் எல்லாரும் வண்டி நம்பரைக் கண்ணாடியிலேயே வெட்டிக்கொள்வார்கள். கெரூபோ கழுத்தைச் சாய்த்துத் தலைகீழாக இருந்த நம்பரைப் படித்தாள். வார்டன் அலுவலகத்துக்கு முன்னால் நின்ற ஜீப்பின் நம்பர்.

"சிங்கம் கடிச்சுத் தூக்கிட்டுப் போன கண்ணாடி" என்றாள்.

கமாண்டேயின் தோள் தொய்ந்தது. "மேடம், நாங்க ஓரத்து மண்ணுலதான் போனோம். ஜாம்ல நின்ன அந்த ஆளு போனைக் காதுல வெச்சுட்டு, கண்ணை மேலே தூக்கிட்டு, வண்டியைச் சடார்னு எங்க மேல ஒடிச்சுட்டார். கண்ணாடி நகத்துல மாட்டிக்கிச்சு. எடுத்துக் கொடுக்கலாம்னுதான் நெனைச்சேன். அதுக்குள்ள பழக்கத்துல கை ரெண்டு தட்டு தட்டிடுச்சு, வண்டி கிளம்பிடுச்சு. பின்னாடி அவர் சிங்கம், சிங்கம்னு கத்தினார். நம்ம வண்டி ஓவியத்தைப் பாத்துப் பயந்துட்டார் போலன்னு விட்டுட்டோம்."

"காலை நேரத்துல அவர் ரோங்காய்ல என்ன பண்றார்? பணக்காரங்க இருக்கிற கேரன்ல பங்களான்னு பேட்டி எல்லாம் கொடுக்கறாரே?" என்றான் ஓடூர்.

"எந்தக் கேரன்? கசாப்புக் கடைக்குப் பின்னாடி வாடகை வீடு. தினம் இந்த ரோட்டுலதான் போறார்."

"நீ வந்து இதைச் சொல்லணும்" என்றாள் கெரூபோ.

"என் லைசென்ஸ் போயிடும் மேடம்."

"நீ வரலைன்னா ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான். ஒரு தாய் சாகும். மூணு குட்டியும் சாகும்."

கமாண்டே தரையைப் பார்த்தான். ஓடூர் அவன் தோளில் கை போட்டான். "மச்சான், யோசிச்சுப் பாரு. தலைநகரத்தோட சிங்கத் தலைவரையே அடிச்ச வண்டி. நாளைக்கு ஊர்ல மத்த மட்டாட்டுல எவன் ஏறுவான்?"

கமாண்டே நிமிர்ந்தான். பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினான்.

உள்ளே பயணிகள் இருந்தார்கள். இறக்கிவிட நேரமில்லை. சாலை அடைத்துக்கொண்டிருந்ததால் 'கர்ஜனை' ஓரத்து மண்ணிலும், பெட்ரோல் பங்க் வழியாகவும், ஒரு தேவாலய வளாகத்தின் ஊடாகவும் போனது. கோழிக்கூண்டோடு வந்த ஒரு பெண்மணி, "நான் இறங்க வேண்டிய இடம் போயிடுச்சு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பூங்கா வாசலில் வெயில் சாய்ந்துவிட்டது. வேன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. கிலோன்ஸோ ஜன்னலிலிருந்து நாலு விரலைக் காட்டினார்: இன்னும் நாலு வண்டிதான் நூஸுவைச் சுற்றி. நசேரியன் அதே பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கெரூபோ கண்ணாடியை வார்டன் மேசையில் வைத்தாள். கமாண்டே நடந்ததைச் சொன்னான். தலாம் நம்பரைத் தடவிப் பார்த்தார். அவர் கண்ணில் முதல் தடவையாக வெளிச்சம் தெரிந்தது. டாக்டர் முசெம்பியைக் கூப்பிட்டார். பத்திரிகைக்காரர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். கமாண்டேயைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அற்புதம்! நான் சொன்னதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? கவ்விக்கொண்டு போன சிங்கம், வேலியைத் தாண்டி இதைச் சாலையில் போட்டிருக்கிறது. இந்த ஏழை இளைஞன் பொறுக்கியிருக்கிறான். பாவம், திருட்டுப் பட்டத்துக்குப் பயந்து கதை சொல்கிறான். ஆக, அந்த மிருகம் நகருக்குள்ளேயே வந்து போகிறது! உடனே சுடுங்கள்!"

பத்திரிகைக்காரர்கள் வேகமாக எழுதினார்கள். வார்டனின் வயர்லெஸ் கரகரத்தது: "சார், கடைசி வேனும் போயிடுச்சு. சிங்கம் எதிர்லதான் இருக்கு. ஆரம்பிக்கலாமா?"

தலாம் வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கெரூபோவைப் பார்த்தார்.

"வார்டன் சார், தப்பான சிங்கத்தைச் சுட்டுட்டா மாநாட்டு நேரத்துல பெரிய அசிங்கமாயிடும்" என்றாள் கெரூபோ. "தலைவர்தான் அதோட கண்ணையே பாத்திருக்காரே. அவரே வந்து அடையாளம் காட்டட்டும்."

தலாம் மெதுவாக வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார். "நிறுத்துங்க. விதிப்படி பாதிக்கப்பட்டவர் நேர்ல அடையாளம் காட்டணும். கூட்டிட்டு வரேன்."

"அப்படி ஒரு விதி இருக்கா சார்?" என்று ஓடூர் காதோடு கேட்டான்.

"இப்ப வந்துருச்சு."

"அவசியமில்லை, நான் எழுதிக் கொடுக்கிறேன்..." என்று டாக்டர் ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கிவிட்டார்கள். கேமராவுக்கு முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. அது அவருடைய பழைய வியாதி.

வார்டனின் ஜீப்பில் மேல்மூடி கிடையாது. பின்சீட்டில் கெரூபோவுக்கும் ஓடூருக்கும் நடுவில் டாக்டர். மேட்டைத் தாண்டியதும் வெளிச்சம் குறைந்த புல்வெளி. சுடுகிறவர்கள் வண்டி தூரத்தில் நின்றது. தலாம் எஞ்சினை அணைத்தார். அணைத்ததும் டாக்டரின் மூச்சு எல்லாருக்கும் கேட்டது.

புல் அசைந்தது. நூஸு வெளியே வந்தாள். பாதிக் காது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது. பின்னால் மூன்று குட்டிகள், ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு. ஜீப்பை நோக்கித்தான் நடந்து வந்தாள். பாதை அப்படித்தான் போகிறது.

"இதுவா சார்?" என்றார் தலாம், திரும்பாமல்.

டாக்டர் சீட்டில் கீழே நழுவினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க ஆமான்னா சுட்டுருவாங்க."

"வண்டியை எடுங்க" என்று எங்கிருந்தோ ஒரு குரல். டாக்டர் தலையை முழங்கால்களுக்கு நடுவே வைத்திருந்தார்.

"இதுவா, இல்லையா சார்? பக்கத்துல வந்துருச்சு."

"எடுங்கய்யா வண்டியை!"

"அடையாளம் சொல்லாம எடுக்க முடியாதே."

"சிங்கமே இல்லைய்யா! மட்டாட்டு! ரோங்காய் மட்டாட்டு! நான் ஜாம்ல நின்னு பேசினேன். அவன் இடிச்சுட்டான். ரேடியோவுல கத்திட்டேன். வேற என்னய்யா சொல்றது? டிரைவர் வரவே இல்லை. எடுங்க!"

தலாம் வயர்லெஸ்ஸை எடுத்து, புகார் வாபஸ் ஆகிவிட்டது, துப்பாக்கிகளை உறையில் போடுங்கள் என்றார். ஆனாலும் எஞ்சினைப் போடவில்லை. நூஸு ஜீப்பின் ஓரமாக, கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், யாரையும் பார்க்காமல் நடந்து போனாள். குட்டிகள் மட்டும் நின்று டயரை முகர்ந்துவிட்டு ஓடின.

கெரூபோ தன் போனை டாக்டரின் மடியில் வைத்தாள். "போலீஸ் ஸ்டேஷன் நம்பர். இப்ப சொன்னதை அப்படியே சொல்லுங்க."

இருட்டுவதற்குள் லெகிஷோன் வந்துவிட்டான். உதடு வீங்கியிருந்தது, ஒரு கால் செருப்பு இல்லை. நசேரியன் அவனைத் தொடவில்லை, பக்கத்தில் நின்றாள். அவன் தன் அப்பாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஓடினார்னு ரேடியோவுலதானேக்கா சொன்னாங்க?" என்றாள் நசேரியன். "ஓடலைன்னும் ரேடியோவுல சொல்லுவாங்களா?"

நாளை ரேடியோவில் மாநாட்டுத் தொடக்க விழா.

"நான் போய் அந்த ஆளையே சொல்ல வைக்கறேன்" என்று ஓடூர் ஜீப்புக்குத் திரும்பினான். டாக்டர் முசெம்பி இன்னும் பின்சீட்டிலிருந்து இறங்கவில்லை. கால் வரவில்லையாம். தொப்பி மட்டும் தலைக்குத் திரும்பியிருந்தது. நாளைக்கே ரேடியோவில் டிரைவர் பெயரைச் சொல்லித் திருத்தம் வாசிப்பதாகச் சத்தியம் செய்தார். யாரிடமும் ரோங்காயைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

"அதை விடுங்க சார். இவ்வளவு கிட்டத்துல சிங்கத்தைப் பாத்தது எப்படி இருந்துச்சு?"

டாக்டர் கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவினார். இந்தப் பூங்காவில் வார்டன் அலுவலகத்தைத் தாண்டி அவர் உள்ளே வந்தது இன்றைக்குத்தான் முதல் தடவை. இன்றைக்கும் அவர் சிங்கத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.